ஆட்டு நாற்றமும் பிளாட்டினத் தகடும்

சிதம்பரம்
4.8.2008

மாமாவுக்கு,

நலம். உங்கள் நலத்தை நான் கேட்கப்போவதில்லை. நேற்று போனை நீங்கள் வைத்த வேகத்திலேயே கை கால் எல்லாம் திடமாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

இனிமேல் போன் வேண்டாம். நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல, நான் ஒன்பது சொல்ல, கடைசியில் அத்தை போனைப் பிடுங்கி, "ரெண்டு பேரும் வாய மூடுங்க, பக்கத்து ஊட்டுல கேக்குது" என்கிறார்கள். கல்யாணமான மூன்று வருடமாக இதே கூத்துதான். கடிதம் என்றால் சிதம்பரத்திலிருந்து கடலூர் வந்து சேருவதற்குள் பாதிக் கோபமாவது ஆறிப்போகும்.

நேற்றைய சண்டையில் நாம் ஒத்துக்கொண்டதை எழுதி வைக்கிறேன், பிறகு நீங்கள் மாற்றிப் பேசக்கூடாது. என் கைடு ராஜமாணிக்கம் சார் ஜனவரி முடிவில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் என் சோதனை ஒருமுறையாவது பலித்து, கமிட்டி முன்னால் நான் அதைச் செய்து காட்ட வேண்டும். காட்டிவிட்டால் ஆய்வு முடியும்வரை நீங்கள் "எப்ப வர்ற" என்று கேட்கக்கூடாது. காட்டாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு செம்மண்டலம் நம் வீட்டுக்கே வந்து, அத்தை பேசி வைத்திருக்கும் பள்ளிக்கூட லேப் வேலையில் சேர்ந்துவிடுகிறேன். சரிதானே?

போன வாரம் வந்தபோது உங்கள் கடை மேசை டிராயரில் ஒரு சின்ன டப்பா வைத்துவிட்டு வந்தேன். அதற்குள் இருப்பது பிளாட்டினத் தகடு. துறையில் அந்த அளவில் இருப்பது அது ஒன்றுதான். இத்தனை நாள் சார் பூட்டி வைத்திருந்து, இப்போதுதான் எனக்கென்று எடுத்துக் கொடுத்தார். அதன் கம்பி விட்டுப்போயிருக்கிறது. இரண்டையும் சிவக்கச் சுட்டு, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினால் ஒட்டிக்கொள்ளும். ஈயம் வைக்காதீர்கள். நீங்கள் முலாம் கடைக்காரர், உலோகம் உங்கள் கையில் நிற்கும் என்றுதான் கொடுத்தேன். இதிலாவது என்னோடு மல்லுக்கு நிற்காமல் செய்து அனுப்புங்கள்.

பிரியா


கடலூர்
9.8.2008

பிரியா,

கடிதம் வந்தது. தபால்காரர் கவரின் நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்தார். "அண்ணே, ஊட்ல அண்ணி ஆடு கீடு வளக்குறாங்களா?" என்று கேட்டார். முதுநகர் மீன் மார்க்கெட்டில் தினமும் நுழைந்து வருகிற மனுஷன் அவர். அவருக்கே மூக்கைச் சுளிக்கத் தோன்றுகிறது என்றால் நான் என்ன சொல்ல?

நீ போன வாரம் வந்துபோன பிறகு அம்மா தலையணை உறையை மூன்று தண்ணீர் அலசினார்கள். உன் துணிக்கென்று தனி பக்கெட் வைத்திருக்கிறார்கள், அதில் கிடா நாற்றம் போகவே மாட்டேன் என்கிறது. பஸ்ஸில் உன் பக்கத்தில் யாருமே உட்காருவதில்லை என்று நீயே பெருமையாகச் சொன்னாய். அது பெருமையா?

கடைக்கு வருகிறவர்கள், "வீட்டம்மா என்ன ஆராய்ச்சி?" என்று கேட்கிறார்கள். "நாத்தத் தண்ணியில கரண்ட் வுடுறாங்க" என்று சொல்கிறேன். வேறு என்ன தெரியும் எனக்கு? ஒருநாளாவது உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறாயா? கேட்டால், "உங்களுக்குப் புரியாது மாமா" என்று எழுந்து போய்விடுவாய்.

தகடு வேலை முடிந்தது. நீ சொன்னபடியே சிவக்கச் சுட்டு ஒரே தட்டு. ஈயம் வைக்கவில்லை. ஆனால் அந்தத் தகடு இருந்த லட்சணம்! வெளுத்துப்போய், செத்துப்போய், கைபிடித் துணி மாதிரி. அதைக் கையில் வைத்துக்கொண்டா நீ பெரிய மனுஷர்கள் முன்னால் நிற்கிறாய்? கடை வாசலில் அப்பா எழுதிவைத்த போர்டு உனக்குத் தெரியும்: "மங்கலாக எதுவும் வெளியே போகாது." புல்லட் சைலன்சர் வந்தாலும் சரி, சைக்கிள் ரிம் வந்தாலும் சரி, நம் கடையில் அதுதான் சட்டம். ஆகவே வழக்கமான வேலை எல்லாம் செய்து வைத்திருக்கிறேன். இனி அதில் நீ முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். உன் சித்தப்பா, நம் சுப்புராயன் மாமா சிதம்பரத்துக்கு லோடு ஏற்றிக்கொண்டு வருகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

கெடு ஞாபகம் இருக்கிறது. மாற்றிப் பேசுகிற வழக்கம் எனக்குக் கிடையாது, அது உன் வீட்டுப் பழக்கம்.

மணவாளன்


சிதம்பரம்
12.9.2008

மாமாவுக்கு,

தகடு வந்து சேர்ந்தது. நன்றி. ராஜமாணிக்கம் சார் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, தகட்டுக்குக் கல்யாணமா?" என்று சிரித்தார். உங்கள் கடையில் தேய்த்துப் பளபளப்பாக்கியிருப்பீர்கள் என்று சொன்னேன்.

என் வீட்டுப் பழக்கத்தைப் பற்றி எழுதியதற்குத் தனியாகப் பதில் வைத்திருக்கிறேன், நேரில் தருவேன். இப்போது உட்காரவைத்துச் சொல்கிறேன், கேளுங்கள்.

அந்த ஆட்டு நாற்றத்துக்குப் பெயர் கேப்ராயிக் அமிலம். ஆட்டுப்பாலின் கொழுப்பிலேயே அது உண்டு. அந்த அமிலத்தின் ஒவ்வொரு துணுக்குக்கும் ஒரு நீளமான உடம்பு, நுனியில் ஒரு வால். வாலில் ஒரு கார்பனும் இரண்டு ஆக்சிஜனும் இருக்கின்றன. நாற்றத்துக்கும் புளிப்புக்கும் அந்த வால்தான் காரணம். அமிலத்தை மெத்தனாலில் கரைத்து, கொஞ்சம் காஸ்டிக் சோடா சேர்த்து, இரண்டு தகடுகளை முக்கிக் கரண்ட் விடுகிறேன். பிளஸ் பக்கம் பிளாட்டினம். அது அமிலத்திடமிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கும். பிடுங்கியவுடன் வால் கழன்று, கார்பன் டை ஆக்சைடாகக் குமிழி விட்டுக்கொண்டு போய்விடும். கோலி சோடாவில் வருகிற அதே வாயு. வால் போன உடம்புக்குத் தனியாக நிற்க முடியாது, பக்கத்தில் இதேபோல் வால் இழந்து நிற்கும் இன்னொன்றோடு உடனே ஒட்டிக்கொள்ளும். அப்படி இரண்டு இரண்டாகச் சேர்ந்தால் டெக்கேன் என்று ஒரு எண்ணெய் கிடைக்கும். டீசலுக்குச் சொந்தக்காரன். ஊரெல்லாம் காட்டாமணக்கிலிருந்து எரிபொருள் என்று அலைகிறார்களே, சார் கரண்டைக் கொண்டே அந்த வழியைத் தேடுகிறார்.

எண்ணெய் வந்துவிட்டால் ஆட்டு நாற்றம் இருக்காது. அதுதான் அடையாளம். வெளியேறுகிற வாயுவைச் சுண்ணாம்புத் தெளிநீருக்குள் விட்டால் அது பாலாகக் கலங்க வேண்டும், அது இன்னொரு அடையாளம்.

எனக்கு இரண்டும் இல்லை. சுண்ணாம்பு நீர் கண்ணாடி மாதிரி தெளிந்து கிடக்கிறது. நாற்றம் அப்படியே இருக்கிறது. இந்த அழகில் கரைசல் பச்சையாகிவிடுகிறது! எதற்குப் பச்சை? அமிலத்தில் அழுக்கு என்கிறார் சார். அமிலத்தைக் காய்ச்சி வடித்தேன், மெத்தனாலை மாற்றினேன், மறுபடியும் பச்சை. நடுவில் கரண்ட் வேறு போய்விடுகிறது. கரைசல் சூடேறாமல் இருக்கச் சுற்றி வைத்த ஐஸ் உருகிப்போய் மறுபடி முதலிலிருந்து. தலையை எதிலாவது முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இப்போதாவது புரிந்ததா, நான் இங்கே என்ன செய்கிறேன் என்று?

பிரியா


கடலூர்
20.9.2008

பிரியா,

புரிந்தது. முதலிலேயே இப்படிச் சொல்லியிருந்தால் பாதிச் சண்டை மிச்சமாகியிருக்கும். வாலை வெட்டுகிறாய், உடம்பை ஒட்டுகிறாய். இதற்கு மூன்று வருடமா?

கரண்ட் கட்டைப் பற்றி என்னிடம் சொல்லாதே. எனக்கு அது வயிற்றுப் பிழைப்பு. சைக்கிள் ரிம் தொட்டியில் முக்கியிருக்கும்போது கரண்ட் போனால், வந்த பிறகு முதலிலிருந்து உரிக்க வேண்டும். நேற்று ஒரு பம்பர் பாதி பளபள, பாதி சொறி. வண்டிக்காரர் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

கரைசல் பச்சை என்று இவ்வளவு பெரிய ஒப்பாரி வைத்திருக்கிறாய். என் நிக்கல் தொட்டியும்தான் பச்சை. அப்பா காலத்திலிருந்து பச்சை. அதில்தான் உனக்குச் சோறு வந்தது. பச்சையாக இருப்பதால் என்ன கெட்டுப்போனது? பச்சையைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டு, வேலை ஏன் ஆகவில்லை என்று பார்.

தீபாவளிக்கு வருகிறாய்தானே? அம்மா உனக்கு மயில்கழுத்து நிறத்தில் புடவை எடுத்திருக்கிறார்கள். அதைக் கட்டிக்கொண்டு லேபுக்குள் போய்விடாதே, மகராசி.

மணவாளன்


சிதம்பரம்
20.11.2008

மாமாவுக்கு,

தீபாவளிக்கு வராததற்கு அத்தை கோபம். நீங்கள் அதைவிடக் கோபம். ஒரு வரி எழுதவில்லை, சுப்புராயன் சித்தப்பா கையில் புடவையை மட்டும் கொடுத்து அனுப்பினீர்கள். அந்தப் பையில் ஒரு அதிரசம்கூட இல்லை. புரிந்துகொண்டேன்.

வராததற்குக் காரணம் கேளுங்கள். அன்று லீவு, லேபில் யாரும் இல்லை, கரண்ட் ஒழுங்காக இருந்தது. விடக்கூடாது என்று உட்கார்ந்தேன். தகட்டின்மேல் கறுப்பாக ஒரு படலம் படிகிறது. அதை நீக்க, அவ்வப்போது பிளஸ்ஸை மைனஸ் ஆக்கி, மைனஸை பிளஸ் ஆக்கி மாற்றிப்போட வேண்டும். அதுதான் இந்தச் சோதனையின் வழக்கமான வைத்தியம். மாற்றிப்போட்டால் கறுப்புப் போய்ப் பளபளப்பு வந்துவிடுகிறது, எண்ணெய் மட்டும் வரவில்லை. தெருவெல்லாம் வெடிச்சத்தம். நான் ஒரு பச்சைத் தண்ணீரை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அழுதேன். யாரும் இல்லாததால் சத்தமாகவே அழுதேன்.

சார் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "பாக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். அவருடைய முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

போதும் மாமா. ஜனவரிவரை இழுக்க எனக்குத் தெம்பில்லை. அந்த லேப் வேலைக்கு நான் வருகிறேன் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். சந்தோஷமா?

பிரியா


கடலூர்
6.12.2008

பிரியா,

மழையும் வெள்ளமுமாக இருந்ததால் உன் கடிதம் வந்து சேரவே இத்தனை நாளாகிவிட்டது. கெடிலத்தில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போகிறது. கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர், மோட்டாரைத் தூக்கி மேசைமேல் வைத்தேன். நீ அங்கே பத்திரமா? ஹாஸ்டல் மாடிதானே?

நீ எழுதியதை அம்மாவிடம் சொன்னேன். மறுநாளே அந்தத் தண்ணீரிலும் திருவந்திபுரம் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தார்கள். "எம் மருமவ வூட்டுக்கு வரா" என்று தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. பள்ளிக்கூடத்திலும் சொல்லிவிட்டேன். பொங்கல் முடிந்ததும் சேரலாம் என்கிறார்கள்.

அழுதாய் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தது கஷ்டமாக இருந்தது. ஆனாலும் விடு. எல்லோருக்கும் எல்லாம் வாய்க்குமா? உனக்கென்று வாசல் பக்கத்து அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருக்கிறேன். புஸ்தகம் எல்லாம் அங்கே வைத்துக்கொள். பழைய பக்கெட்டைத் தூக்கிப்போடச் சொல்லிவிட்டேன், புதுசு வாங்கியாயிற்று.

சாமான் ஏற்ற சுப்புராயன் மாமா வண்டியை அனுப்புகிறேன். தேதி மட்டும் சொல்.

மணவாளன்


சிதம்பரம்
14.12.2008

திரு. மணவாளன் அவர்களுக்கு,

தேதி கேட்டீர்கள். தேதி இருக்கட்டும். நடந்ததைச் சொல்கிறேன்.

தகட்டைச் சாரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அழுக்கோடு கொடுக்கக்கூடாது என்று, பாதித் தண்ணீர் கலந்த நைட்ரிக் அமிலத்தைச் சுடவைத்து அதில் போட்டேன். பிளாட்டினத்தை அந்த அமிலம் ஒன்றும் செய்யாது, அழுக்கை மட்டும் கரைக்கும். போட்ட நிமிஷத்தில் பழுப்பாகப் புகை கிளம்பியது. அமிலம் பச்சையாகியது. நான் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினீர்களே, அந்தப் பளபளப்பு தோல் உரிவது மாதிரி உரிந்து கரைந்துபோனது. அடியில் என் தகடு. வெளுத்துப்போய், செத்துப்போய், பழையபடி இருந்தது.

உங்கள் தொட்டியும் பச்சைதான் என்று எழுதினீர்கள். நான் ஒரு மடச்சி, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நிக்கல்! பிளாட்டினத்துக்குமேல் நிக்கல் முலாம்! உலகத்தில் எந்த மனுஷனாவது இதைச் செய்வானா? பிளாட்டினம் இருந்தால்தான் வால் கழலும், உடம்புகள் ஒட்டும். நான் நாலு மாதமாகக் கரண்ட் விட்டது பிளாட்டினத்துக்கு அல்ல, உங்கள் சைக்கிள் ரிம்முக்கு. நிக்கல் கரைந்து பச்சையாகிறது. நான் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றும்போது, கரைந்த நிக்கல் திரும்ப வந்து தகட்டிலேயே ஒட்டிக்கொள்கிறது. என் கையாலேயே திரும்பத் திரும்ப முலாம் பூசியிருக்கிறேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி!

ஆண்டிக்காவது சங்கைக் கெடுத்ததால் லாபம் ஒன்றும் இல்லை. உங்களுக்கு இருந்தது. நான் தோற்றால் வீட்டுக்கு வருவேன் என்று கெடு வைத்தவர் நீங்கள். நான் தோற்றேன் என்றதும் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தவர் நீங்கள். அத்தை பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தார்கள்.

ஆகவே ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். தெரியாமல் செய்தீர்களா, வேண்டுமென்றே செய்தீர்களா? சுற்றி வளைக்காமல் எழுதுங்கள். இந்தப் பதிலைப் பொறுத்துத்தான் நான் எந்த வீட்டுக்கு வருவது என்பதே இருக்கிறது.

மோகனப்பிரியா


கடலூர்
19.12.2008

மோகனப்பிரியா அவர்களுக்கு,

திரு போட்டு எழுதியிருக்கிறாய். நல்ல மரியாதை. கவரில் ஆட்டு நாற்றம் இருந்ததால்தான் இது என் பெண்டாட்டி எழுதியது என்று நம்பினேன்.

பதில்: தெரியாமல்.

ஒரு வார்த்தையில் முடித்துக்கொள்ளத்தான் நினைத்தேன். கை நிற்கவில்லை. என்னைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்க உனக்கு எப்படி மனசு வந்தது? நான் கத்துவேன், போனை வைப்பேன், வீட்டுக்கு வா என்று பிடுங்கி எடுப்பேன். எல்லாம் உன் முகத்துக்கு நேராகத்தான். முதுகுக்குப் பின்னால் ஒரு சாமானைக் கெடுத்துக் கொடுக்கிற கை இல்லை இது.

எங்கள் தொட்டியில் முக்கினால் எந்தச் சாமானும் நன்றாக இருக்கும் என்றுதான் எனக்குத் தெரியும். கெட்டுப்போகும் என்று அப்பாவும் சொன்னதில்லை, வாடிக்கைக்காரர் யாரும் சொன்னதில்லை. நீயும் சொல்லவில்லை. "ஈயம் வைக்காதீங்க" என்று எழுதத் தெரிந்த உனக்கு, "முலாம் போடாதீங்க" என்று எழுதத் தெரியவில்லை. முலாம் கடையில் கொடுத்த சாமானுக்கு முலாம் போடாமல் வேறென்ன போடுவார்கள்? யாருக்கும் போடாத கனத்தில் போட்டேனடி! புது நிக்கல் கட்டி வாங்கிப் போட்டேன். உன் சார் கண்ணில் உன் சாமான் மங்கலாகத் தெரியக்கூடாது என்று போட்டேன். மெனக்கெட்டுச் செய்ததற்கு எனக்கு இது வேண்டும்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ தோற்றுவிட்டேன் என்று எழுதியபோது நான் சந்தோஷப்பட்டேன். பொய் சொல்லமாட்டேன். நீ சத்தமாக அழுதேன் என்று எழுதிய அதே காகிதத்தை வைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டேன். அதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நான் கெடுத்து நீ தோற்றதாக இருக்கக்கூடாது. அப்படி வருகிற பெண்டாட்டி எனக்கு வேண்டாம்.

நேற்றுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அந்த வேலையை நம் தெரு சின்னம்மாள் மருமகளுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். அம்மா என்னோடு பேசுவதில்லை. இனி நீ திரும்பிவர இங்கே வேலை கிடையாது. ஜெயித்துத் தொலை.

சுப்புராயன் மாமா வண்டியில் இரண்டு லாரி பேட்டரி ஏற்றி அனுப்புகிறேன். ஃபுல் சார்ஜ். உனக்கு வேண்டியது நேர் மின்சாரம்தானே, ஊரில் கரண்ட் இருந்தால் என்ன, போனால் என்ன? சிவப்புக் கம்பி பிளஸ். அதையும் தப்பாக மாட்டிவிட்டு என்மேல் பழி போடாதே.

மணவாளன்


சிதம்பரம்
18.1.2009

மாமாவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. பலிக்காமல் உங்களுக்கு எழுத முகமில்லை.

பேட்டரிகளை நாலுபேர் தூக்கி வந்து லேபில் வைத்தார்கள். காவலாளி, "என்னம்மா, லாரி எங்க?" என்றார். சார் தானே கம்பியை எடுத்து மாட்டினார். சிவப்பு பிளஸ்ஸில்தான்.

போன திங்கட்கிழமை பலித்தது மாமா! கரண்ட் விட்ட கொஞ்ச நேரத்தில் பிளாட்டினத்திலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. சுண்ணாம்பு நீர் பாலாகக் கலங்கியது. நான் குழாயைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன், அசைந்தால் நின்றுவிடுமோ என்று பயம். நடுவில் ஊரில் கரண்ட் போனது. ஃபேன் நின்றது, பக்கத்து லேபில் எல்லோரும் சலித்துக்கொண்டார்கள். என் குமிழி மட்டும் நிற்கவில்லை. கடைசியில் கரைசலைத் தண்ணீரில் ஊற்றினேன். மேலே எண்ணெய் மிதந்தது, ஒரு பச்சையும் இல்லை. சார் குனிந்து முகர்ந்து பார்த்தார். "ஆடு ஓடிப்போச்சும்மா" என்றார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஒரு துண்டுக் காகிதத்தில் அந்த எண்ணெயைத் தொட்டு உள்ளே வைத்திருக்கிறேன். முகர்ந்து பாருங்கள். நாற்றத்தைப் பற்றி இத்தனை பேசியவர் நீங்கள், இதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இதோடு நல்ல சேதி முடிந்தது. கமிட்டி இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி. அவர்கள் முன்னால் ஒருமுறை செய்து காட்ட வேண்டும். நேற்று தகட்டைக் கழுவும்போது கம்பி மறுபடியும் விட்டுப்போய்விட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. "நம்ம கண்ணாடி ஊதுறவர்கிட்ட குடும்மா, ஒட்டிக் குடுப்பார்" என்றார் சார். லேபுக்குக் கண்ணாடிக் குழாய் செய்து தருகிற அவர் எதிர்ச் சாரியிலேயே இருக்கிறார், எழுந்து நடந்தால் போதும்.

நான் அவரிடம் கொடுக்கவில்லை. சுப்புராயன் சித்தப்பா கையில் இந்தக் கடிதத்தோடு அதே டப்பாவை உங்களுக்கு அனுப்புகிறேன்.

எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. இரண்டு பேரும் இதில் ஒரே தரம். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக்கூடாது. வேறு எதைக் கேட்டிருந்தாலும் அதைக் கேட்டிருக்கக்கூடாது. இந்தத் தகடு இல்லாவிட்டால் எனக்கு இருபத்தெட்டாம் தேதி இல்லை, மூன்று வருடமும் இல்லை. அது இப்போது உங்கள் கையில் இருக்கிறது. என் பதில் அதுதான்.

சிவக்கச் சுட்டு, ஒரு தட்டு. அவ்வளவுதான் மாமா. சாமி சத்தியமாக, அவ்வளவுதான்.

பிரியா


கடலூர்
21.1.2009

பிரியா,

காகிதத்தை முகர்ந்தேன். மண்ணெண்ணெய் மாதிரி இருக்கிறது. ஆடு இல்லை. அம்மாவிடம் நீட்டினேன், என்னோடு பேசாமலே வாங்கி முகர்ந்துவிட்டு, "ஸ்டவ்வு எங்கயோ ஒழுவுது, பாரு" என்றார்கள். ஒரு மாதத்தில் அவர்கள் என்னிடம் பேசின முதல் வார்த்தை. தபால்காரர்தான் பாவம், கவர் இந்தமுறை அவர் கைக்குப் போகவில்லை.

தூக்கிப்போடச் சொன்ன பழைய பக்கெட் இன்னும் கொல்லையில்தான் கிடக்கிறது, அதை வைத்துக்கொள்வதா, தூக்கிப்போடுவதா என்று ஒரு முடிவு சொல். இன்னும் எத்தனை மாதம் அங்கே இருக்கப்போகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கமாட்டேன் என்று எழுதி வாங்கியிருக்கிறாய். பொங்கலுக்கும் வரவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன், அது கேள்வி இல்லை.

தகடு வேலை ஆயிற்று. கடையைச் சாத்திவிட்டு, நானே சுட்டு, நானே தட்டினேன். கம்பியைப் பிடித்துத் தொங்கவிட்டு ஆட்டிப் பார்த்தேன், கெட்டியாக இருக்கிறது. சாணைச் சக்கரம் பக்கம் போகவில்லை. தொட்டி பக்கம் போகவில்லை. தொட்டிமேல் பலகை போட்டு மூடிவிட்டுத்தான் டப்பாவையே திறந்தேன், பழக்கத்தில் கை அதற்குள் போய்விடும் என்று பயம்.

நாளை காலையில் பஸ் ஏறி, நானே கொண்டுவந்து உன் கையில் கொடுக்கிறேன். இந்தக் கடிதத்தையும் டப்பாவோடு சேர்த்துத்தான் தருவேன். நேரில் பேசினால் சண்டை வரும், நான் கிளம்பிய பிறகு படி.

டப்பாவைத் திறந்து பார்த்துக்கொள். அப்பா போர்டு எழுதி மாட்டின நாளிலிருந்து இந்தக் கடையைவிட்டு மங்கலாக வெளியே போகிற முதல் சாமான் உன்னுடையதுதான்.

மணவாளன்